ஆர்.எக்ஸ் 100 பிஸ்டன் பிடித்தால் ரீபோரா, புது பிளாக் செட்டா?

மண் டிராக்கில் ஓட்டும் யமஹா ஆர்.எக்ஸ் 100 பைக்குக்குப் பிஸ்டன் பிடிப்பது, அதாவது சூட்டில் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிக்கொள்வது, ஒன்றும் அதிசயமில்லை. காற்றில் மட்டுமே குளிரும் 98 சிசி இன்ஜினை, தூசுக்குள் முழு முறுக்கில் வைத்திருந்தால் சூடு ஏறத்தான் செய்யும். பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பிளாக்கைக் கழற்றியதும் மெக்கானிக் கேட்பார்: "ரீபோரா, புது செட்டா?" ரீபோர் என்றால் பழைய பிளாக்கின் துளையை, அதாவது போரை, கொஞ்சம் பெரிதாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. நான் ரீபோர் செய்தேன். இன்னொரு முறை வந்தாலும் அதைத்தான் செய்வேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய பிஸ்டனைக் குப்பையில் போடுவதற்கு முன் நன்றாகப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்திருக்கிறது. சுற்றிலும் நாலு இடத்தில் கோடு இருந்தால் போர் டைட், இல்லையென்றால் இன்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள். கார்புரேட்டர் பக்கம் பளபளப்பு போய் மங்கியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசு போகிறது. மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் இருக்கும் பக்கத்து ஆயில் சீல் காற்றை இழுக்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். காரணத்தைச் சரி செய்யாமல் எந்தப் பிஸ்டனைப் போட்டாலும் மறுபடி பிடிக்கும்.

புது செட்டில் உள்ள வசதி தெரிந்ததுதான். பிளாக், பிஸ்டன், அதைச் சுற்றி மாட்டும் ரிங் எல்லாம் ஒரே பெட்டியில் வரும், லேத் கடைக்கு அலைய வேண்டாம், அன்றைக்கே வண்டி ஓடும். ஆனால் இந்தியாவில் ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை வெளி ஆட்கள் வார்த்தவை. எனக்குக் காட்டிய ஒரு செட்டில் போர்ட் (பிளாக் சுவரில் வாயு போய்வரும் துளை) ஓரத்தில் நகத்தை வைத்தால் கீறியது. சைலன்சர் போர்ட்டைத் தாண்டும்போது ரிங் கொஞ்சம் வெளியே பிதுங்கும். அங்கே கூர்மை இருந்தால் ரிங் மாட்டி உடையும், உடைந்த துண்டு பிஸ்டனையும் ஹெட்டையும் சேர்த்துக் கொத்தும்.

ரீபோரிலும் இதே ஆபத்து உண்டு. போரைப் பெரிதாக்கும்போது போர்ட் ஓரம் மறுபடி கூர்மையாகிவிடும். ஆனால் அங்கே நான் பக்கத்தில் நின்று, ஓரத்தை மழுக்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துத்தான் பிளாக்கை வாங்கினேன். இன்னொன்று, பிஸ்டனை முதலில் வாங்கி லேத் கடைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்றபடி போர் போட்டு ஹோனிங் செய்ய (கல்லால் தேய்த்து நேர்த்தியாக்க) வேண்டும். இந்த அளவு பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே விட வேண்டியது ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர்தான். "கையால் தள்ளினால் இறங்குது, போதும்" என்று சொல்லும் கடையாக இருந்தால் பிளாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது மறுவிற்பனை. ஆர்.எக்ஸ் 100 வாங்க வருகிறவர் பெட்ரோல் டேங்க்கைப் பார்ப்பதற்கு முன் "பிளாக் ஒரிஜினலா?" என்று கேட்கிறார். ரீபோர் ஆகியிருந்தாலும் ஒரிஜினல் பிளாக்குக்கு மரியாதை உண்டு. வெளி பிளாக் என்று தெரிந்தால் அங்கேயே பேரம் ஆரம்பித்துவிடும். புது செட் போட்டு, கழற்றிய பழைய பிளாக்கை மூலையில் போட்டால் துரு ஏறும், இல்லையென்றால் யாராவது "இரவல்" வாங்கிப் போய்விடுவார்கள்.

ரீபோருக்கும் எல்லை இருக்கிறது. 50 மில்லிமீட்டர் போரை 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நாலு முறை பெரிதாக்கலாம். கடைசி சைஸில் 102 சிசி வரும், அவ்வளவுதான். அதனால் கோடு ஆழமில்லை என்றால் நேராக 0.50-க்குத் தாவாமல் 0.25-இல் போகிறதா என்று கேளுங்கள். 1.00-உம் முடிந்தால் பிளாக்குக்குள் புது ஸ்லீவ், அதாவது இரும்புக் குழாய், இறக்கி மறுபடி 50-க்கு வரலாம். ஸ்லீவ் போட்ட வண்டியை நான் ரோட்டில் மட்டும்தான் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறேன், நன்றாகவே போனது. மண்ணில் அது எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்லீவின் போர்ட் பிளாக்கின் போர்ட்டோடு ஒரே நேராக அமைய வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் இல்லை.

ஃபின் (சூட்டைக் காற்றில் விடும் தகடு) உடைந்து, ஸ்டட் (தலையில்லாத போல்ட்) மரையும் போய்விட்ட பிளாக் என்றால் நானும் புது செட்டுக்குத்தான் போவேன். அப்போதும் பெட்டியில் வந்த பிஸ்டனையும் ரிங்கையும் அப்படியே மாட்ட மாட்டேன். லேத் கடையில் அளந்து, போர்ட் ஓரத்தை மழுக்கிய பிறகுதான்.