சர்ச்சுக்கும் ரிவ்யூ போடலாமா? எட்டு மாசம் போய்ப் பார்த்துட்டுப் போடுறேன்

ஹோட்டலுக்கு ஸ்டார் குடுக்குற மாதிரி ஆராதனை நடக்குற இடத்துக்கு ஸ்டார் குடுக்குறது சரியான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் நான் வீடு மாறின புதுசுல எந்தச் சபைக்குப் போறதுன்னு தேடுனது ஞாபகம் வந்துச்சு. எதைத் திறந்தாலும் "நல்ல சர்ச், அமைதியா இருக்கு, பார்க்கிங் உண்டு" அவ்ளோதான் எழுதியிருப்பாங்க. பார்க்கிங் இருக்கான்னு தெரிஞ்சு நான் என்ன பண்றது, என்கிட்ட வண்டியே இல்ல. அதனால எனக்கு அப்ப யாராவது எழுதியிருந்தா நல்லாருந்திருக்கும்னு தோணுனதை எல்லாம் இங்க கொட்டுறேன், கொஞ்சம் நீளம் தான், பொறுத்துக்கோங்க.

சபை பேரைப் போடல, ஏன்னா குறையும் எழுதப் போறேன். சாதாரணமான ஒரு புராட்டஸ்டண்ட் சபை, ஞாயித்துக்கிழமை நூறு நூத்திருபது பேரு வருவாங்க, பெரிய கோபுரமோ மேடை லைட்டோ ஒண்ணும் கிடையாது.

முதல்ல இதுக்கு முன்னாடி போன இடத்தைச் சொல்லணும், இல்லன்னா நான் ஏன் இவ்ளோ உருகுறேன்னு புரியாது. அங்க முதல் நாளே மைக்ல "புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க"ன்னு சொன்னாங்க. காது ரெண்டும் சூடாகி எழுந்து நின்னேன், எல்லாரும் கை தட்டுனாங்க, ஒரு ஃபார்ம்ல பேரு போன் நம்பர் எல்லாம் வாங்குனாங்க. சரி நல்ல சபை போலன்னு அடுத்த வாரமும் போனா ஃபார்ம் வாங்குன அதே ஆளு வந்து "நீங்க புதுசா?"ங்கிறாரு. நாலாவது வாரமும் கேட்டாரு. அஞ்சாவது வாரம் நான் போகல, போன் நம்பர் குடுத்திருந்தேனே, ஒரு போன் கூட வரல. கூட்டத்துல நின்னு கைதட்டு வாங்குறவன் இல்ல நான், முகம் கொஞ்சம் திரிஞ்சு பார்த்தாலே வாடிப் போற ஜாதி.

இங்க முதல் நாள் வாசல்ல ஒரு வயசான அம்மா ஆராதனை முறைமை அச்சடிச்ச பேப்பரைக் குடுத்துட்டு, "எங்க வேணா உக்காருங்க தம்பி, தூண் பக்கம் மட்டும் வேணாம், பாஸ்டர் முகம் தெரியாது"ன்னாங்க. அவ்ளோதான். பேரு கேக்கல, எந்த ஊரு எந்தச் சபைன்னு நோண்டல. அந்தப் பேப்பர்ல எப்ப எழுந்து நிக்கணும், எப்ப உக்காரணும், எதை எல்லாரும் சேந்து சொல்லணும்னு எல்லாம் தடிச்ச எழுத்துல போட்டிருந்துச்சு, "நிக்க முடியாதவங்க உக்காந்தே இருக்கலாம்"னு கூட ஒரு வரி. சர்ச்சுக்கே போகாத ஒரு ஃப்ரெண்டை ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன், பக்கத்து ஆளை ஓரக்கண்ணால பாக்காமலே கடைசி வரைக்கும் சமாளிச்சுட்டான்.

மூணாவது வாரம் தான் விஷயமே. ஆராதனைக்கு முன்னாடி வழக்கமா பாட்டு நம்பர் போர்டு மாத்துற அண்ணன் ஒருத்தர் என்கிட்ட வந்து, "தம்பி உயரமா இருக்கீங்க, ஏணி இல்லாம எட்டுமா பாருங்க"ன்னாரு. மரப்பலகைல வரிசையா பள்ளம் இருக்கும், அதுல நம்பர் அட்டையைச் சொருகணும், பழைய காலத்து சமாச்சாரம். எட்டுச்சு. "அப்ப இனிமே உங்க வேலை"ன்னு அட்டைப் பெட்டியைக் கைல குடுத்துட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரம் நான் 216ன்னு போட வேண்டிய இடத்துல 6 அட்டையைத் தலைகீழா சொருகி 219ஆ ஆக்கிட்டேன். ஆர்கன் வாசிக்கிற அம்மா 216 வாசிக்கிறாங்க, சபைல பாதிப் பேரு 219ஐத் திறந்து வெச்சுட்டு முழிக்கிறாங்க, அது அடக்க ஆராதனைல பாடுற பாட்டு வேற. பாஸ்டர் போர்டைத் திரும்பிப் பார்த்தாரு, சிரிப்பை அடக்க முடியல அவரால. எனக்கு அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒருத்தர் கூட அதைப் பத்தி என்கிட்ட எதுவும் சொல்லல. அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தா எல்லா 6 அட்டைலயும் அடில கருப்பு மைல ஒரு கோடு இழுத்திருந்துச்சு. யாரு இழுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஒரு பைபிள் ஸ்டடில இதை நான் சொல்லிச் சிரிச்சப்ப பாஸ்டர் ஒரு விஷயம் சொன்னாரு. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்சு வெச்ச ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் 1517ல 95 கருத்துகளை வெளியிட்டது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1520ல அவரு எழுதுனது தான் சபை நடத்துறதுக்கு முக்கியம்னாரு. ஞானஸ்நானம் எடுத்த எல்லாருமே ஆசாரியர் தான், குருமாருங்கன்னு தனியா உசந்த ஒரு இனம் கிடையாது, வேலை தான் வேற வேறங்கிறது. அது வெறும் தத்துவம்னு நெனச்சிருந்தேன். இங்க வேதபாடம் வாசிக்கிறது ஒரு வாரம் காலேஜ் பொண்ணு, ஒரு வாரம் பஸ் ஓட்டுறவரு, ஜெபம் ஏறெடுக்கிறது ஒரு ரிட்டயர்ட் டீச்சர், நாற்காலி அடுக்குறது பாஸ்டர். நெஜமா, பாஸ்டர் தான் நாற்காலி அடுக்குறாரு.

பாட்டைப் பத்தி. பாடகர் குழு சுமார் தான், உள்ளதைச் சொல்லணும்ல. சோப்ரானோ, அதாவது பெண்கள் உச்சக் குரல், மூணு பேரு, பேஸ், அதாவது ஆண்கள் அடிக்குரல், ஒரே ஒரு ஐயா, அவருக்குச் சளி பிடிச்சா அன்னைக்குப் பேஸ் கிடையாது. ஆனா சபை பாடும், வாயைத் திறந்து பாடும். லூத்தர் காலத்துக்கு முன்னாடி பெரும்பாலும் குருமாரும் பாடகர் குழுவும் லத்தீன்ல பாடுவாங்க, ஜனங்க கேட்டுட்டு நிப்பாங்க. சீர்திருத்தம் வந்தப்ப ஜனங்களே சொந்த பாஷைல பாடட்டும்னு 1524ல ஜெர்மன் மொழில ஒரு பாட்டுப் புத்தகம் போட்டாங்க, மொத்தமே 8 பாட்டு, அதுல பாதி லூத்தர் எழுதுனது. எட்டே பாட்டை வெச்சு ஆரம்பிச்ச வழக்கம்னு தெரிஞ்சப்புறம் என் பக்கத்துல சுருதியே இல்லாம கத்துற அங்கிள் மேல இருந்த கடுப்பு கொஞ்சம் குறைஞ்சுச்சு, முழுசா போகல. ப்ரொஜெக்டர்ல வரிகள் எப்பவும் ஒரு வரி லேட்டா தான் வரும், புத்தகத்தைக் கைல வெச்சுக்கோங்க.

பிரசங்கம் இருபத்தஞ்சு நிமிஷம். பதினஞ்சுல முடிக்கலாம், மூணு தடவை முடிக்கிற மாதிரி வந்துட்டு மறுபடி டேக் ஆஃப் ஆவாரு. ஆனா ஒண்ணு, அவருக்குப் பிடிச்ச டாபிக்கையே சுத்திச் சுத்தி வர மாட்டாரு, வரவும் முடியாது, ஏன்னா இவங்க வேதபாட அட்டவணை வெச்சு தான் போறாங்க. பைபிள்ல பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம்ங்கிற கடிதங்கள், இயேசு கதை சொல்ற சுவிசேஷம்னு ஒவ்வொரு ஞாயிறும் நாலு பகுதி, மூணு வருஷத்துல ஒரு சுத்து முடியும். 1992ல வந்த இந்த அட்டவணையைப் பல நாட்டுல பல சபைங்க ஒண்ணா பயன்படுத்துறாங்க, அதனால நான் வெளியூர்ல வேற சபைக்குப் போன ஞாயிறு கூட அதே பகுதி தான் வாசிச்சாங்க, விட்ட இடத்துல இருந்து கதை பாக்குற மாதிரி இருந்துச்சு. காசு குடுத்தா பத்து மடங்கா திரும்ப வரும்ங்கிற பேச்சு எட்டு மாசத்துல ஒரு தடவை கூட வரல. காணிக்கைப் பை வரும், புதுசா வந்தவங்க அப்படியே அடுத்த ஆளுகிட்ட தள்ளிவிடலாம், யாரும் பாக்க மாட்டாங்க. மாசக் கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுறாங்க.

திருவிருந்து, அதாவது இயேசுவை நினைச்சு அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துக்கிறது, மாசத்துல முதல் ஞாயிறு. யாரெல்லாம் வரலாம்னு பாஸ்டர் முன்னாடியே தெளிவா சொல்லிடுவாரு, எடுக்க விருப்பம் இல்லாதவங்க கையை நெஞ்சுல குறுக்கா வெச்சுட்டு வந்தா ஆசீர்வாதம் மட்டும் சொல்லி அனுப்புவாரு. என் ஃப்ரெண்டு அப்படித் தான் போயிட்டு வந்தான். குட்டிக் குட்டிக் கப்புல திராட்சை ஜூஸ், ஒயின் இல்ல. ஏன்னு கேட்டேன், குடியை விட்டவங்க சபைல இருக்காங்க, அவங்களுக்கு ஒரு சொட்டு கூட ஆபத்துன்னாங்க. இதுக்கு ஒரு பின்கதை இருக்கு. 1869ல அமெரிக்காவுல தாமஸ் வெல்ச்னு ஒரு பல் டாக்டர், மெதடிஸ்ட் சபைக்காரர், திராட்சைச் சாறு புளிக்காம இருக்க சூடு பண்ணி அடைச்சு வெக்கிற வழியைக் கண்டுபிடிச்சதே திருவிருந்துக்காகத் தானாம். ஜூஸ் பிஸினஸா ஆனதெல்லாம் அவரு பையன் காலத்துல.

பசங்க விஷயத்துல முழு மார்க். முதல் கால் மணி நேரம் பெரியவங்க கூட உக்காந்துட்டு அப்புறம் ஞாயிறு பள்ளிக்குப் போயிடுவாங்க. போக மாட்டேன்னு அடம் பிடிக்கிற குட்டீஸுக்குப் பின்னாடி மூலைல ஒரு பாய், க்ரேயான், நாலு கதைப் புத்தகம். குழந்தை அழுதா யாரும் திரும்பி முறைக்கிறதில்ல. ஞாயிறு பள்ளின்னா மனப்பாட வசனமும் பரிசும் தான்னு நெனச்சுட்டு இருந்தேன். இங்கிலாந்துல 1780ல க்ளாஸ்டர்ல ராபர்ட் ரெய்க்ஸ்ங்கிற பத்திரிகைக்காரர் ஆரம்பிச்சப்ப அதுல முக்கியமான வேலையே எழுத்தறிவு தான், வாரம் பூரா வேலைக்குப் போன பசங்களுக்கு லீவு அந்த ஒரு நாள் தான், அன்னைக்கு வாசிக்கக் கத்துக் குடுத்தாங்க. இங்கயும் புதன் சாயங்காலம் ஸ்கூல் பாடம் சொல்லிக் குடுக்குறாங்க, சபைல சேராத வீட்டுப் பசங்களும் வர்றாங்க, கணக்குப் பாடம் முடிஞ்சதும் ஜெபம் பண்ணா தான் அனுப்புவோம்ங்கிற வேலை எல்லாம் இல்ல.

நடுல எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன், ரெண்டு ஞாயிறு போகல. ரெண்டாவது ஞாயிறு சாயங்காலம் காலிங் பெல். வாசல்ல பேப்பர் குடுக்குற அந்த அம்மாவும் நம்பர் போர்டு அண்ணனும். "போர்டு ஆளைக் காணோமேன்னு பார்த்தோம்"னாரு. பத்து நிமிஷம் உக்காந்தாங்க, 121ஆம் சங்கீதம் வாசிச்சாங்க, 8 வசனம் தான் அது, சின்னதா ஒரு ஜெபம். எதனால உனக்கு இப்படி ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்கிற மாதிரி பிரசங்கம் எல்லாம் பண்ணல. கிளம்புறப்ப அந்த அம்மா சமையல்கட்டுல எட்டிப் பார்த்துட்டு, நெறைஞ்சு கெடந்த குப்பைப் பையை முடிச்சுப் போட்டு கைல எடுத்துட்டாங்க. நான் "ஐயோ வேணாம்மா"ன்னேன், "நீங்க குனியக் கூடாது தம்பி"ன்னுட்டு இறங்கிப் போயிட்டாங்க.

இப்போ குறைங்க. அறிவிப்பு நேரம் பன்னெண்டு நிமிஷம், பேப்பர்லயே அச்சடிச்சு இருக்கிறதை மறுபடி வரி வரியா வாசிக்கிறாங்க, ஏன்னு யாருக்கும் தெரியல. சபை வாட்ஸ்அப் குரூப்பை மியூட்ல போட்டுடுங்க. இருபது முப்பது வயசுல மொத்தமே நாலு பேரு, அந்த வயசுல தனியா வர்றவங்களுக்குக் கொஞ்சம் வெறிச்சுன்னு தான் இருக்கும். சில பெஞ்சுக்கு எழுதப்படாத பட்டா உண்டு, யாரும் எழுப்ப மாட்டாங்க ஆனா மூச்சு விடுற சத்தத்துல தெரிஞ்சுடும்.

பெரிய குறை சாய்தளம். வீல்சேர்ல வர்றவங்க பின்பக்கமா, குப்பைத்தொட்டியைத் தாண்டி, ஸ்டோர் ரூம் வழியா தான் உள்ள வரணும். முன்வாசல்ல நாலு படி. எல்லாரையும் வரவேற்கிறோம்னு போர்டு வெச்சிருக்கிறது அந்த நாலு படிக்கு மேல! வருஷாந்தரக் கூட்டத்துல இது வந்துச்சு, ஆர்கன் ரிப்பேருக்குச் சேர்த்து வெச்ச பணத்தை எடுத்து முன்வாசல்ல சாய்தளம் கட்டலாமா வேணாமான்னு ஒரே சண்டை. ஒன்றரை மணி நேரம். ஒரு பெரியவர் பாதில எழுந்து போய் வெளில நின்னுட்டு மறுபடி உள்ள வந்தாரு. கடைசில கை தூக்கச் சொன்னப்ப ஆர்கன் வாசிக்கிற அம்மா முதல்ல சாய்தளத்துக்குக் கை தூக்குனாங்க, அதுக்கப்புறம் எதிர்த்துப் பேசினவங்களே ஒவ்வொருத்தரா தூக்குனாங்க. வேலை இன்னும் ஆரம்பிக்கல, அது முடிஞ்சு பார்த்தா தான் நம்புவேன். ஆர்கன்ல ரெண்டு கட்டை இப்பவும் ஊமை.

மார்ச் மாசம் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள் வரும், அன்னைக்குப் போய்ப் பாருங்க, பெண்களே நடத்துறாங்க, அக்கம்பக்கத்துல இருக்கிற மத்த சபைக்காரங்க, கத்தோலிக்கர்னு எல்லாரும் வர்றாங்க. ஒவ்வொரு வருஷமும் வேற வேற நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனையை எழுதி அனுப்புவாங்க, 1927ல இருந்து உலகம் பூரா நடக்குது. நல்லா இருந்துச்சு, அன்னைக்கு அறிவிப்பே இல்ல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். சாய்தளம் கட்டினதும் வந்து எடிட் பண்றேன். போறதா இருந்தா பத்து நிமிஷம் முன்னாடி போங்க, தூண் பக்கம் மட்டும் உக்காராதீங்க.