சென்சார் நிரலுக்கு எது தோது: ஜேசன், சென்சார்திங்ஸ், சோசா?

பிஎம்இ280 சென்சாரின் பிரபலமான ஆர்டுயினோ லைப்ரரி காற்றழுத்தத்தை பாஸ்கலில் தரும். வானிலைத் திரைகள் ஹெக்டோபாஸ்கலில் கேட்கும். இந்த நூறு மடங்கு வித்தியாசம் போன்ற விவரங்களை எங்கே எழுதிவைப்பது என்பதில்தான் நாமே வகுக்கும் ஜேசன், சென்சார்திங்ஸ் தரநிலை, சோசா என்ற சொல்தொகுதி ஆகிய மூன்று வழிகளும் பிரிகின்றன.

ஜேசன் என்பது தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்; அதில் நாமே சூட்டிய பெயர்கள் (சாவிகள்) இரண்டு மூன்று சென்சார் பெட்டிகளுக்குத் தாராளம். சென்சாரை மாற்றும்போதுதான் வினை. டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாருக்கு 12 பிட்டில் அளக்க 750 மில்லிவினாடி வேண்டும்; மின்சாரம் வந்ததும் பொறுக்காமல் படித்தால் 85 டிகிரி என்று சொல்லும். அதன் எல்லை -55 முதல் 125 வரை என்பதால் எல்லைச் சோதனையிலும் இது சிக்காது. இந்த விவரமெல்லாம் ஏதோ ஒரு கமென்ட் வரியில் கிடக்கும்.

புவியியல் தரவுத் தரநிலைகளை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2016-இல் வெளியிட்ட சென்சார்திங்ஸ், ஒவ்வொரு டேட்டாஸ்ட்ரீமிலும் (ஒரு சென்சாரின் அளவீட்டுத் தொடரிலும்) அலகைச் சொல்லவைக்கிறது. அதைச் செயல்படுத்தும் ஃப்ராஸ்ட் சர்வர் மென்பொருளை நிறுவினால் சேமிப்பும் தேடலும் தயார். ஆனால் அலகு அங்கே ஒரு குறிப்பு மட்டுமே. மாற்றிக் கணக்கிடுவது நம் வேலை.

சோசா-எஸ்எஸ்என் (2017) ஆன்டாலஜியில், அதாவது சென்சார்களை விவரிக்கும் சொற்களின் வரையறைத் தொகுதியில், காத்திருப்பு நேரத்துக்கு 'லேட்டன்சி', எல்லைக்கு 'மெஷர்மென்ட் ரேஞ்ச்' என்று தனித்தனி இடம் உண்டு. அலகுக்குக் கியூயுடிடி என்ற அலகுத் தொகுதியைச் சேர்த்தால் ஹெக்டோபாஸ்கலுக்கான பெருக்கு எண் 100 அதிலேயே இருக்கிறது. கருவிக்கு ஒரு டர்ட்டில் கோப்பு (ஆர்டிஎஃப் தரவை எழுதும் உரை வடிவம்) எழுதி, அதிலிருந்து ஸ்கிரிப்ட் வழியே இஎஸ்பி32 சில்லுக்கான ஹெடர் கோப்பை உருவாக்கலாம். சென்சார் மாறினால் அந்தக் கோப்பை மாற்றினால் போதும். டிரைவர் லைப்ரரி மட்டும் தனி.

சறுக்கும் இடங்கள் இரண்டு. அலகை எழுத மறந்தால், ஆன்டாலஜியைப் படித்து முடிவு வருவிக்கும் ஆவுல் ரீசனர் வாயே திறக்காது. சொல்லாத தகவல் அதற்குப் பிழையல்ல, இன்னும் தெரியாதது, அவ்வளவே. தரவைச் சரிபார்க்கும் ஷேக்கிள் விதியில் 'குறைந்தது ஒன்று' என்று கட்டினால்தான் பிடிபடும். இன்னொன்று, ஆர்டிஎஃப்பை சென்சார் பெட்டியிலேயே உருவாக்கி அனுப்புவது. குறைந்த மின்சக்தி ரேடியோ வலையான லோராவேனின் இந்திய அமைப்பில், மிக மெதுவான வேகத்தில் ஒரு செய்திக்கு 51 பைட்தான் இடம். சோசாவின் 'அப்சர்வ்ட் ப்ராப்பர்ட்டி' முகவரி மட்டுமே 42 எழுத்து. பெட்டி வெறும் எண்ணை அனுப்பட்டும், அதன் அர்த்தத்தை கேட்வே (பெட்டிகளின் செய்தியைப் பெற்று மேலே அனுப்பும் கருவி) சேர்க்கட்டும். அங்கும் எல்லா அளவீட்டையும் டிரிபிளாக்க (ஆர்டிஎஃப்பின் மூன்று உறுப்பு வாக்கியங்களாக்க) வேண்டாம்: 10 நிமிடத்துக்கு ஒன்று, அளவீட்டுக்கு 6 டிரிபிள் என்றாலே ஒரு பண்புக்கு நாளுக்கு 864. எண்கள் டைம்சீரிஸ் தரவுத்தளத்துக்கு, கருவி விவரம் ஆர்டிஎஃப்புக்கு.

ஒரே மாதிரிப் பெட்டிகள் என்றால் சென்சார்திங்ஸே போதும். பல கம்பெனி சென்சார்கள் கலந்து, ஆண்டுதோறும் மாறும் இடத்தில்தான் சோசாவுக்குச் செலவிடும் உழைப்பு திரும்பி வரும்.