எஸ்.பி. ரோட்டில் ஹோம் சர்வர் போட்டவர்கள் உடனே இதைப் பாருங்கள்

பெங்களூரில் வீட்டுக்கு மீடியா சர்வர் (வீட்டுப் படங்கள், வீடியோக்களைச் சேமித்து வைத்து டிவி, போனில் பார்க்க உதவும் கம்ப்யூட்டர்) வாங்கி, அதைக் கடைக்காரரையே அமைத்துத் தரச் சொன்னவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள்.

எங்கள் வீடு அல்சூரில். அப்பா 1990களில் எடுத்த ஹேண்டிகேம் கேசட்டுகள், பாட்டி திருப்பாவை சொன்ன ஒலிப்பதிவுகள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கோவையில் இருக்கும் தம்பியும் அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று நினைத்தோம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் சின்ன கம்ப்யூட்டர் ஒன்றும் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்கினோம். கடைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம். நம் ஊர்க்காரர், தமிழில் பொறுமையாகப் பேசுகிறார் என்று நம்பினேன். அமைத்துத் தர 4,500 ரூபாய். வெளியாள் நுழைய முடியாதே என்று இரண்டு தடவை கேட்டேன். "அக்கா, செக்யூர் எஃப்டிபி போட்டுத் தர்றேன். பாஸ்வேர்டு இல்லாம யாரும் தொட முடியாது" என்றார். எஃப்டிபி என்பது நெட் வழியாக ஃபைல்களை அனுப்பவும் எடுக்கவும் உள்ள முறை. பில்லிலும் செக்யூர் எஃப்டிபி என்றுதான் எழுதியிருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பழைய பொங்கல் வீடியோவைப் போடச் சொன்னார். ஃபோல்டர் காலி. பிட்காயின் கேட்டு ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் கிடந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல் இருக்கும்படி வைத்திருந்தார்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கும் தோழி வந்து பார்த்தாள். கடைக்காரர் போட்டது செக்யூர் எஃப்டிபியே இல்லை, 21ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வருக்குள் நுழைய எண் போட்ட வாசல் மாதிரி) ஓடும் சாதாரண எஃப்டிபி. 1985இலிருந்து கிட்டத்தட்ட அப்படியே இருக்கிற விதிமுறை அது. யூசர்நேமும் பாஸ்வேர்டும் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகும், வழியில் இருப்பவர் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். எஸ்எஃப்டிபி என்பது வேறு. பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது. அது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின் மேல், வழக்கமாக 22ஆம் போர்ட்டில், வழியில் யாரும் படிக்க முடியாதபடி முழுக்க என்கிரிப்ட் ஆகி ஓடும். இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. எஃப்டிபி, ஃபைல்களை அனுப்பத் தனியாக வேறு போர்ட்டுகளைக் கேட்கும். அவற்றைச் சரியாகத் திறந்துவிடச் சோம்பல்பட்டு, சர்வரை அப்படியே ரவுட்டரின் டிஎம்இசட்டில் போட்டுவிட்டார். அதாவது வெளியிலிருந்து வரும் எல்லாமே நேராகச் சர்வருக்குப் போகும். பழைய டிவிக்காக எஸ்எம்பி 1ஐயும் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் முறையின் பழைய வடிவம்) பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் கணக்கையும் திறந்து வைத்திருந்தார். 2017 மே மாதம் உலகம் முழுக்க வன்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள் எஃப்டிபி வழியாகவே வந்திருக்கிறார்கள். யார் எப்போது நுழைந்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் லாகில் இருக்கிறது: அதிகாலை 2.40க்கு, கடைக்காரர் வைத்த அதே பாஸ்வேர்டில். அது கடையின் பெயரும் 123உம். அதை மாற்றச் சொல்லிக்கூட அவர் சொல்லவில்லை.

கடைக்குப் போனேன். "ஹேக் ஆனதுக்கு நாங்க எப்படிக்கா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, 6,000 ரூபாய்க்கு ஃபயர்வால் வாங்கச் சொன்னார். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. 1930க்கு அழைத்துச் சைபர் குற்றப் புகார் பதிந்தேன். பில் கையில் இருப்பதால் நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் கொடுத்திருக்கிறேன். கேசட் வீடியோக்களில் பாதி அத்தை வீட்டுப் பென் டிரைவில் கிடைத்தன. பாட்டியின் குரல் கிடைக்கவில்லை.

இப்போது தோழி மாற்றித் தந்திருப்பது இது. எஃப்டிபி அறவே இல்லை. வீட்டுக்குள் எஸ்எம்பி 3 மட்டும், என்கிரிப்ஷன் கட்டாயம், ஆளுக்கு ஒரு கணக்கு. டிவிக்கு ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருள் வழியாகப் பார்க்க மட்டும் அனுமதி, அழிக்க முடியாது. போனிலிருந்து படம் ஏற்ற எஸ்எஃப்டிபி, அதுவும் பாஸ்வேர்டுக்குப் பதில், அந்தப் போனில் மட்டும் இருக்கும் கீ ஃபைல் வைத்து. தம்பி வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு என்கிரிப்ட் ஆன தனி வழி) மூலம் வருகிறான். ரவுட்டரில் அந்த விபிஎன்னுக்கான ஒரு போர்ட் மட்டும்தான் திறந்திருக்கிறது. அப்புறம், சனிக்கிழமை மட்டும் செருகி நகலெடுத்துவிட்டுப் பீரோவில் வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. மென்பொருள் எதற்கும் காசு இல்லை.

இதை எழுதக் காரணம் போன வாரம் நடந்ததுதான். மர்ஃபி டவுனில் ஒரு குடும்பம், அதே கடையில் அமைத்தவர்கள். அவர்கள் அனுமதியோடு என் போனிலிருந்து அந்தப் பழைய யூசர்நேம், பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் மகளின் கல்யாணப் படங்கள் திறந்தன.

உங்கள் சர்வர் முகவரி எஃப்டிபி என்று தொடங்கினால், அல்லது போர்ட் 21 என்று இருந்தால், உங்களுடையதும் பெரும்பாலும் அதேதான். ரவுட்டர் செட்டிங்ஸில் டிஎம்இசட், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்கு அனுப்பும் அமைப்பு) இரண்டையும் இன்று இரவே பாருங்கள். தெரியாத எதுவும் இருந்தால் அணையுங்கள். அணைக்கத் தெரியாவிட்டால் சர்வரின் நெட் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.