ஈரான் மீதான தடை: கெடு வைத்த விலக்கா, சட்டத்தால் நீக்கமா?

குமரிக் கடற்கரை ஊர்களில் ஈரான் ஒரு வெளிநாட்டுச் செய்தி அல்ல. நம் மீனவர்கள் வேலைக்குப் போகும் ஈரானின் கிஷ் தீவு, பந்தர் அப்பாஸ் என்ற பெயர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் போலவே வீடுகளில் புழங்குகின்றன. கொரோனா காலத்தில் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்த ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பலில் நம் மாவட்டத்து மீனவர்களும் இருந்தார்கள்.

ஈரான் மீதான அமெரிக்கத் தடைகள் குறித்து இந்திய அரசு பேச வேண்டும் என்று கோரி, எங்கள் தேவாலயப் பங்கில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதியபோது எதைக் கேட்பது என்பதில் இரண்டு கருத்து எழுந்தது. தடைகளை மொத்தமாக, உடனே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்பது ஒன்று. குறைவாகக் கிடைத்தாலும் சட்டத்தின் வழியாக நிலையாகக் கிடைக்கட்டும், அதுவும் முதலில் கூலிப் பணமும் மருந்துப் பணமும் போகும் வங்கி வழி திறக்கட்டும் என்பது மற்றொன்று. மனுவை எழுதியவன் நான், இரண்டாவதைத்தான் எழுதினேன்.

தடையே வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குள் அதிகம் போகவில்லை. அணு ஆயுதம் பரவக் கூடாது என்பதிலும், தன் மக்களை ஒடுக்கும் ஆட்சிக்கு அழுத்தம் வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஈரான் தன் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தினால் தடைகள் தளரும் என்ற அணு உடன்படிக்கை எட்டப்பட்ட 2015இல் ஒரு டாலருக்கு முப்பதாயிரத்துச் சொச்சமாக இருந்த ஈரானிய ரியால், 2025இல் பத்து லட்சத்தைத் தாண்டிச் சரிந்தது. அந்த அடி முதலில் விழுவது சம்பளக்காரன் மீதும் நோயாளி மீதும்தான். பிடிக்கும் மீனில் பங்கு என்று ரியாலில் பேசிக்கொண்டு படகேறியவன் மீதும் அதே அடி விழுகிறது.

முதல் வழியின் பலம் வேகம். தடைகளை நிறுத்திவைக்க அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டால் போதும். 2016 ஜனவரி 16 அன்று தடைகள் தளர்ந்ததும், அந்த ஆண்டுக்குள்ளேயே ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி நாளொன்றுக்கு இருபது லட்சம் பீப்பாயைத் தாண்டியது. எதிர்த்தரப்பு வாக்குத் தவறினால் சலுகையைத் திரும்பப் பெறலாம் என்பதால் பேச்சுவார்த்தை மேசையிலும் இது எளிதாக நகரும். வீட்டில் அரிசி இல்லாதவனுக்கு வேகமும் ஒரு நியாயம் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனாலும் இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: கொடுத்ததை எத்தனை எளிதாகப் பறிக்க முடியும்? வங்கிகள் பார்ப்பது இதை மட்டுமே. 2015 உடன்படிக்கையில் அமெரிக்கா தன் தடைச் சட்டங்கள் எதையும் ரத்து செய்யவில்லை. சட்டத்துக்கு ஏற்ப 120 நாளுக்கோ 180 நாளுக்கோ ஒரு முறை, தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் விலக்கை அதிபர் புதுப்பித்துவந்தார். சட்டத்தால் நீக்க முயல்வது எட்டு ஆண்டு கழித்து, 2023 அக்டோபரில் என்றுதான் உடன்படிக்கையே சொன்னது. அந்த நாள் வருவதற்குள், 2018 மே 8 அன்று அடுத்த அதிபர் டிரம்ப் உடன்படிக்கையிலிருந்து விலகிவிட்டார். ஒரு கப்பலுக்குக் கடன் கொடுக்கும் வங்கி பத்தாண்டு கணக்குப் பார்க்கிறது. நான்கு மாத விலக்கை நம்பி அது எப்படிக் கடன் கொடுக்கும்? சூடான், ஈரான், கியூபா தடைகளை மீறிய குற்றத்துக்காக பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கிக்கு அமெரிக்காவில் 2014இல் சுமார் 890 கோடி டாலர் தண்டம் விழுந்ததை எந்த வங்கியும் மறக்கவில்லை. அதனால் தடை தளர்ந்த அந்த இரண்டரை ஆண்டுகளிலும் பெரிய ஐரோப்பிய வங்கிகள் ஒதுங்கியே நின்றன. ஏர்பஸ் நிறுவனத்திடம் ஈரான் நூறு விமானங்கள் கேட்டு ஒப்பந்தம் போட்டது. வந்து இறங்கியவை மூன்று.

இந்தியாவின் கதையும் இதுவே. 2018 நவம்பரில் எட்டு நாடுகளுக்கு 180 நாள் எண்ணெய் விலக்கு கிடைத்தது. அவற்றில் நாமும் ஒன்று. 2019 மே மாதம் அது முடிந்ததும் ஈரான் எண்ணெயை நிறுத்திவிட்டோம். அந்த எண்ணெய்க்கான விலையை யூகோ வங்கியில் ரூபாயாகப் போட்டு, அதிலிருந்து ஈரானுக்குப் போன நம் அரிசிக்கும் தேயிலைக்கும் பணம் எடுத்துவந்தார்கள். எண்ணெய் நின்றதும் அந்தக் கணக்கும் வற்றியது. ஈரானின் சாபஹார் துறைமுகம் இன்னும் நல்ல உதாரணம். 2018இல் கொடுத்த விலக்கை நம்பி 2024 மே மாதம் அதை நடத்தப் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டோம். 2025 செப்டம்பர் 29 முதல் விலக்கு ரத்து என்றார்கள். பிறகு ஆறு மாதம் நீட்டித்தார்கள். பத்தாண்டுத் திட்டம் ஆறு மாதக் கெடுவில் தொங்கியது.

உணவுக்கும் மருந்துக்கும் எப்போதுமே விலக்கு உண்டே என்று மனுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். காகிதத்தில் உண்டு. ஆனால் பணம் கடக்க வழி இல்லாவிட்டால் அந்த விலக்கால் பயன் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஈரானுடனான வணிகத்துக்குப் பணம் கடக்க 2019இல் இன்ஸ்டெக்ஸ் என்ற தனி அமைப்பையே தொடங்கின. முதல் மருந்துப் பரிமாற்றம் நடக்கவே 2020 மார்ச் ஆனது. 2023இல் அதை மூடிவிட்டார்கள். மூன்று பெரிய அரசுகளால் முடியாததை, அங்கே படகில் இருக்கும் ஒருவர் தன் பங்குப் பணத்தை வீட்டுக்கு அனுப்புவதில் எப்படிச் சாதிப்பார்? இடைத்தரகரிடம்தான் போவார். பணம் வராமல் போனால் புகார் கொடுக்க ஒரு ரசீதுகூட அவரிடம் இருக்காது.

சட்ட வழியின் குறையும் சிறியதல்ல. சட்டமாகிவிட்ட தடை எளிதில் போகாது. கியூபா தடையை 1996இல் சட்டத்தில் பூட்டினார்கள். தூதரக உறவை மீட்ட ஒபாமாவாலும் அதைத் திறக்க முடியவில்லை. ஆனால் முடியவே முடியாது என்றும் இல்லை. சிரியா மீது தடை விதித்த சீசர் சட்டத்துக்கு 2025 மே மாதம் 180 நாள் விலக்கு கொடுத்தார்கள். டிசம்பரில் அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள்.

'நீக்கம்' என்ற தலைப்புச் செய்திக்குப் பிறகும் தடைப் பட்டியலில் நிறுவனங்களின் பெயர் தங்கிவிடும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1998 பொக்ரான் சோதனைக்காக இந்தியா மீது போட்ட தடைகளை 2001 செப்டம்பரில் அமெரிக்கா விலக்கியது. ஆனால் மணவாளக்குறிச்சியில் ஆலை நடத்தும் இந்திய அருமணல் நிறுவனத்தின் பெயர் அமெரிக்க வணிகத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீங்கியது 2025 ஜனவரியில்தான். ஆகவேதான் மனுவில் "தடை நீக்கம்" என்று பொதுவாக எழுதாமல், கூலிக்கும் மருந்துக்கும் உரிய வங்கிகளின் பெயர்கள் பட்டியலிலிருந்து வெளிப்படையாக நீங்க வேண்டும் என்று எழுதினேன்.

வங்கிகளை நான் வெளியிலிருந்து பார்த்தவன். கூலி வராமல் தவித்த குடும்பங்களின் பக்கம்தான் எனக்கு நேரடியாகத் தெரியும். அதனால் என் கணக்கில் அந்தப் பக்கத்தின் எடை கூடியிருக்கலாம். வியட்நாம் எனக்கு எதிரான நல்ல சான்று. 1994 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் தன் அதிகாரத்தாலேயே வியட்நாம் மீதிருந்த தடையை எடுத்தார், அது நிலைத்தது. ஆனால் அதற்கு முந்தைய வாரம் செனட் 62க்கு 38 என்று அதற்கு ஆதரவாக வாக்களித்திருந்தது. ஜான் கெர்ரி, ஜான் மெக்கெய்ன் என்று, வியட்நாம் போரில் சண்டையிட்ட இருவர் எதிரெதிர்க் கட்சிகளிலிருந்து சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் அது. ஈரான் விஷயத்திலும் இரு கட்சி வாக்கும் அப்படிக் கண்ணெதிரே சேருமானால், கையெழுத்து வழியையே கேட்கலாம் என்று மனுவை மாற்றி எழுத நான் தயார்.