முதல் ஆர்பிஜி புத்தகம்: தடித்த ரூல்புக்கா, ஸ்டார்ட்டர் பெட்டியா?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்கள் (ஆர்பிஜி) பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வாங்கிடலாமா?" என்பதுதான். முதல் புத்தகமாக அது வேண்டாம் என்பது என் பதில். நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் ஆட்டம் இது. இதில் விதிகள் ஓரளவு முழுசாகத் தெரிந்திருக்க வேண்டியவர் ஒருவர்தான், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் (ஜிஎம்). மற்றவர்கள் ஆடி ஆடியே கற்றுக்கொள்வார்கள். அதனால் முதல் நாள் ஆட்டத்தில் அந்த ஒருவருக்கு எது கைகொடுக்கும் என்று பார்த்துத்தான் நான் புத்தகங்களைத் தரம் பிரிக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்கலாம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி)தான் இந்த வகை ஆட்டத்துக்கே ஆரம்பம். இன்றைய பதிப்பு மூன்று தடித்த புத்தகங்களாக வந்திருக்கிறது: பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு இரண்டும் 2024-இல், மான்ஸ்டர் மேனுவல் 2025 தொடக்கத்தில். அமெரிக்கப் பட்டியல் விலை ஒவ்வொன்றும் 49.99 டாலர். மூன்றும் சேர்ந்து 150 டாலர், அதற்கு மேல் கப்பல் செலவு வேறு.

பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அழகான புத்தகம்தான். 384 பக்கம், 12 வகுப்புகள் (போர்வீரர், மந்திரவாதி போன்ற கதாபாத்திர வகைகள்), 300-க்கு மேல் மந்திரங்கள், பக்கத்துக்குப் பக்கம் ஓவியம். ஆனால் அதை வைத்து முதல் நாள் என்ன செய்ய முடியும்? கதாபாத்திரம் உருவாக்கலாம். அதோடு சரி. ஆடுவதற்கான சாகசம், அதாவது தயாராக எழுதிவைத்த கதை, அதில் இல்லை. எதிர்த்து நிற்கும் அரக்கர்கள் பெரும்பாலும் வேறு புத்தகத்தில் இருக்கிறார்கள். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் சில குட்டி சாகசங்கள் உண்டு. அனுபவம் உள்ளவர் எடுத்தால் விரித்துக்கொள்வார். புதியவருக்கு அந்தக் குறிப்புகள் போதாது. இன்னொரு விஷயம், இந்த விதிகளின் அடிப்படைப் பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2023 ஜனவரியில் உரிமம் பற்றிப் பெரிய சர்ச்சை வெடித்த பிறகு, எஸ்ஆர்டி எனப்படும் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். 2025-இல் புதிய பதிப்புக்கும் அதேபோல் வந்துவிட்டது. விதிகள் இலவசம் என்றால், காசு கொடுத்து வாங்க வேண்டியது வழிகாட்டலைத்தான்.

அந்த வழிகாட்டல் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் இருக்கிறது. 2014-இல் வந்த முதல் ஸ்டார்ட்டர் செட் 19.99 டாலர்தான்: 32 பக்க விதிப்புத்தகம், 64 பக்க சாகசம், தயாராக எழுதிவைத்த ஐந்து கதாபாத்திரங்கள், பகடைகள். பழைய கையிருப்பாகவோ செகண்ட் ஹேண்டாகவோ கிடைத்தால் இப்போதும் வாங்கத் தகுந்தது. சாலையில் செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகள், புதருக்குள் பதுங்கியிருக்கும் நான்கு காப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) என்று உடனே சூடு பிடிக்கும். ஆனால் முதல் நிலைக் கதாபாத்திரங்களுக்கு அந்தச் சண்டை கடுமை. பகடை சரியாக விழாவிட்டால் அரை மணி நேரத்தில் கூட்டமே தரையில் கிடக்கும். நடத்துகிறவர் காப்ளின்களில் ஒன்றைக் குறைத்துவிட்டால் நல்லது. 2022-இல் வந்த டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல் இதைவிட மென்மையாகத் தொடங்கும், கதையும் சின்னது. 2025-இல் வந்த ஹீரோஸ் ஆஃப் தி பார்டர்லேண்ட்ஸ் பெட்டியில் கார்டுகள், வரைபடங்கள், டோக்கன்கள் என நிறைய. போர்டு கேம் ஆடிப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் விலை 49.99 டாலர்.

ஆட ஆளே இரண்டு பேர்தான் என்றால் (கணவன் மனைவி, அக்கா தம்பி) 2019-இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட்டைத் தேடுங்கள். ஒருவர் நடத்த, ஒருவர் மட்டும் ஆடுவதற்காகவே துணைப் பாத்திர விதிகள் அதில் இருக்கின்றன. கதாபாத்திரத்தை நாமே உருவாக்கும் வழியும் உண்டு.

டி அண்ட் டிக்கு நேர் போட்டி பாத்ஃபைண்டர். இரண்டாம் பதிப்பு 2019-இல் வந்தது. 2023 நவம்பரிலிருந்து பிளேயர் கோர், ஜிஎம் கோர் என்று திருத்தி வெளியிட்டார்கள். விதிகள் டி அண்ட் டியைவிட அதிகம், ஆனால் ஒழுங்காக அடுக்கப்பட்டவை. ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன்கள். நடப்பது ஒன்று, வெட்டுவது ஒன்று, கேடயத்தைத் தூக்குவது ஒன்று. டி அண்ட் டியில் ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் என்று பிரித்துப் புரியவைக்க வேண்டியதை இங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம். புதியவருக்கு இது பெரிய நிம்மதி. இலக்கு எண்ணைவிட 10 அல்லது அதற்கு மேல் கூடுதலாக வந்தால் கிரிட்டிக்கல் வெற்றி (வழக்கத்தைவிடப் பெரிய வெற்றி) என்பதால் ஒவ்வொரு கூட்டலும் கணக்கில் வரும். கணக்கு பிடிக்காதவர்களுக்கு அதுவே சுமையாகவும் தோன்றும்.

பாத்ஃபைண்டரின் பிகினர் பாக்ஸ் என் கணிப்பில் இந்தப் பெட்டிகளிலேயே மிகச் சிறந்த பாடத்திட்டம். ஒரு மீன் கிடங்கின் அடித்தளத்தில் எலிச் சண்டையோடு தொடங்கி, அறைக்கு அறை புதிதாக ஒரு விதியை அறிமுகப்படுத்திக்கொண்டே போகும். நடத்துகிறவர் முன்கூட்டி முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அப்புறம், ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில் பாத்ஃபைண்டரின் விதிகள் அத்தனையும் இலவசம். டி அண்ட் டியில் இலவசமாகக் கிடைப்பது ஒரு பகுதிதான். பெட்டி வாங்கிய பிறகு மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் வருடக்கணக்கில் ஆட முடிவது பாத்ஃபைண்டரில்தான்.

வாளும் டிராகனும் பிடிக்காதவர்கள் நம் வீட்டிலேயேகூட இருக்கலாம். அவர்களுக்கு கால் ஆஃப் கதுல்ஹு. சாண்டி பீட்டர்சன் எழுதி 1981-இல் கேயாசியம் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் நாம் வீரர்கள் இல்லை. பத்திரிகையாளர், பேராசிரியர், டாக்டர் போன்ற சாதாரண மனிதர்கள். 1920-களின் அமெரிக்காவில் விபரீதமான ஒன்றைத் துப்பறிகிறோம். விதியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். உங்கள் நூலகத் தேடல் திறன் 60 என்றால், நூறு வரை போகும் பகடையில் 60 அல்லது அதற்குள் விழ வேண்டும். வேலை கடினமானால் பாதி, அதாவது 30. மிகக் கடினமானால் ஐந்தில் ஒன்று, 12. இதுவரை ஆர்பிஜி ஆடாத என் உறவுக்காரர் ஒருவருக்கு டி20 (இருபது பக்கப் பகடை) கூட்டல் மாடிஃபையர் (திறனுக்கேற்பக் கூட்டும் எண்) என்று விளக்கியபோது விழித்தார். "அறுபது பர்சென்ட் வாய்ப்பு" என்றதும் உடனே புரிந்துகொண்டார்.

இதன் ஸ்டார்ட்டர் செட்டில் முதல் புத்தகம் தனியாகவே ஆடக்கூடிய சாகசம். பஸ்ஸில் போகும் நீங்கள் எம்பர்ஹெட் என்ற ஊரில் மாட்டிக்கொள்கிறீர்கள். எண்ணிட்ட பத்திகளைப் படித்து, முடிவெடுத்து, அந்தந்தப் பத்திக்குத் தாவ வேண்டும். கதை போகப் போக, இந்தக் கட்டத்தில் இதை நிரப்பு என்று கேரக்டர் ஷீட்டையும் (கதாபாத்திரத்தின் விவரத் தாள்) நம் கையாலேயே எழுத வைத்துவிடும். முடிக்கும்போது, இன்னொருவருக்குச் சொல்லித்தரும் அளவுக்கு விதிகள் தெரிந்திருக்கும். ஆட்டத்தை நடத்தப்போகிறவர் முதல் நாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து இதை ஆடிவிட்டு, மறுநாள் அதே பெட்டியிலுள்ள, ஒரே ஒரு ஆட்டக்காரருக்கான சாகசத்தை நடத்தலாம். ஒருவர் வீட்டில் புத்தகங்கள் திருடு போகின்றன, யார் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. நடத்துகிறவரைத் தயார்ப்படுத்துவதில் இதற்கு இணையாக நான் இன்னொரு பெட்டியைப் பார்த்ததில்லை. அந்தத் தனிச் சாகசத்தின் பிடிஎஃப் கேயாசியம் தளத்தில் இலவசமாகவே கிடைப்பதால், பெட்டி வாங்கும் முன் சுவை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இது திகில் ஆட்டம். கதாபாத்திரங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும், சாவார்கள். சின்னக் குழந்தைகள் உள்ள மேஜைக்கு ஒத்துவராது.

ஸ்வீடனிலிருந்து வரும் டிராகன்பேனையும் சொல்லியாக வேண்டும். 1982-இலிருந்து அந்த நாட்டில் ஆடப்படும் ஆட்டத்தின் புதுப் பதிப்பு, 2023-இல் ஆங்கிலத்தில் வந்தது. இதன் பெட்டி முன்னோட்டம் கிடையாது, முழு ஆட்டமே அதுதான்: விதிகள், 11 சாகசங்கள், தனியாக ஆட ஒரு கையேடு, பகடை, கார்டுகள். ஒரே ஒரு முறை வாங்கி நிறுத்திக்கொள்ள நினைப்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

காசே செலவழிக்க விருப்பமில்லை என்றால் மாஸ்ரிட்டர், கெய்ர்ன், அயர்ன்ஸ்வோர்ன் மூன்றின் பிடிஎஃப்களும் இலவசமாகக் கிடைக்கும். மாஸ்ரிட்டரில் நாம் வாளேந்திய எலிகள். மூட்டையில் இடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டுவதால் பத்து வயதுப் பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள். கெய்ர்ன் விதிகள் ரொம்பக் குறைவு, நடத்துகிறவரின் கற்பனைக்குத்தான் வேலை அதிகம். அயர்ன்ஸ்வோர்ன் தனியாகவும் ஆடும்படி எழுதப்பட்டது.

மொழியையும் கணக்கில் எடுங்கள். நான் சொன்ன புத்தகங்கள் எல்லாமே ஆங்கிலம். மேஜையில் தமிழில் பேசி ஆடுவதில் ஒரு சிக்கலும் இல்லை, ஆனால் விதிகளைப் படித்துச் சொல்லப்போகிறவர் ஒருவர்தான் என்றால் ஹேண்ட்புக்கின் 384 பக்கமும் அவர் தலையில்தான் விழும். ஒல்லியான புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற பெயரில் 2014, 2024 இரண்டுமே விற்பனையில் இருக்கும்; ஒரே மேஜையில் ஆளுக்கொன்று வைத்திருந்தால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் வாக்குவாதம்தான். பிரபலமான புத்தகம் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக வந்தால், அது கள்ளப்பதிப்பா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பாத்ஃபைண்டர், கால் ஆஃப் கதுல்ஹு புத்தகங்களை நிறுவனங்களே பிடிஎஃப்பாக அச்சுவிலையைவிடக் குறைவாக விற்கின்றன. இறக்குமதிச் செலவும் மிச்சம். ஆனால் பெட்டிகளை அச்சிலேயே வாங்குங்கள். கார்டும் ஷீட்டும் கையில் இருந்தால்தான் புதியவர் ஆட்டத்துக்குள் வருவார். பகடை எல்லாப் பெட்டியிலும் ஒரு செட் இருக்கும். இரண்டாவது செட் வாங்கிக்கொண்டால் ஆளுக்கு ஆள் கைமாற்றிக் காத்திருக்க வேண்டாம். பெட்டியில் உள்ள சாகசத்தை முடித்த பிறகும் அந்தக் கூட்டம் அடுத்த வாரமும் வரத் தயாராக இருந்தால், அப்போது அந்த ஆட்டத்தின் பெரிய ரூல்புக்கை எல்லோரும் பங்கு போட்டு வாங்கலாம்.