நானோ வி.என்.ஏ.: உப்புக்காற்று ஊரில் ரேடியோ கட்டுகிறவர்களுக்கு

வீட்டிலேயே ரேடியோ கட்டுகிறவர்கள் மல்டிமீட்டருக்கு அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால், பலரும் ஆசிலோஸ்கோப் என்பார்கள். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நானோ வி.என்.ஏ. என்றுதான் சொல்வேன்: கேபிள், ஆன்டெனா, ஃபில்டர்களை அளந்து காட்டுகிற கையடக்கக் கருவி. எங்கள் பக்கம் பழுது பெரும்பாலும் போர்டில் இருக்காது, கேபிளிலும் கனெக்டரிலும்தான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்க இதைவிடச் சல்லிசான கருவி எனக்குத் தெரிந்து கிடையாது.

படகுகளின் வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பது என் தொழில். வேலை முடிந்தால் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது. 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நானே கட்டிய டிரான்ஸீவர், அதாவது அனுப்பவும் கேட்கவும் ஆகிற செட், ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் சர்க்யூட்டை ஒட்டியது: 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர், சிக்னலுக்குச் சக்தி கூட்டுகிற கடைசிக் கட்டத்தில் ஐ.ஆர்.எஃப்.510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். கடையில் கிடைக்கிற பாகங்களை வைத்தே எத்தனையோ பேரைக் கட்ட வைத்த சர்க்யூட் அது. அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அந்த செட்டுக்குத்தான் நோய் வந்தது. டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிப் பார்க்கிற ரெசிஸ்டர்) 7 வாட் காட்டும். ஆன்டெனாவை மாட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.4, பார்க்க அழகான எண். (அனுப்பிய அலை ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு இது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை.) ஆனால் பகலில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த மதுரை நண்பர் "சுத்தமா கேக்கல" என்றார். யாழ்ப்பாணத்துக் குரல்களும் எனக்கு மங்கிப்போயின. போதாததற்கு, கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசினால் மாஸ்ஃபெட் தொட முடியாதபடி கொதித்தது. மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் எல்லாம் சரியாகவே இருந்தது.

நானோ வி.என்.ஏ. ஒரு சீட்டுக்கட்டு அளவுதான். ஜப்பானில் எடி555 என்ற பெயரில் இயங்கும் பொறியாளர் வடிவமைத்து, சர்க்யூட்டையும் மென்பொருளையும் திறந்து வைத்தார். 2019 வாக்கில் சீனத் தயாரிப்புகள் வரத் தொடங்கியதும் உலகம் முழுக்கப் பரவியது. லட்சக்கணக்கில் விலை போகும் ஆய்வகக் கருவி செய்கிற வேலையின் சாரத்தை, சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்கிறது. சிறு சிக்னல் ஒன்றை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு கடந்து போகிறது என்று ஒவ்வொரு அலைவரிசையிலும் அளந்து கோடாகப் போட்டுக் காட்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டில் கதை முழுக்க இருக்கிறது.

முதலில் கேபிள். மாடியில் ஆன்டெனாவிலிருந்து அதைக் கழற்றி முனையை வெறுமனே விட்டுவிட்டு, கீழே நானோவை மாட்டினேன். திறந்த முனைக்குப் போகிற அலை அப்படியே திரும்பி வந்தாக வேண்டும். நல்ல ஆர்.ஜி.58 கேபிள் 20 மீட்டர் என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் போக வர ஒன்றரை டெசிபல் அளவுக்கு இழப்பு இருக்கும். இதில் 6 டெசிபல். அப்படியென்றால் ஒருவழிக்கு 3 டெசிபல்: நான் கொடுக்கிற சக்தியில் பாதி கேபிளிலேயே சூடாகிப் போகிறது.

அந்த அழகான 1.4 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்கிவிட்டது. ஆன்டெனா திருப்பி அனுப்புகிற அலையைக் கேபிள் வழியிலேயே தின்றுவிடுவதால், கீழே இருக்கிற மீட்டருக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. கேபிள் இழப்பைக் கழித்துக் கணக்குப் போட்டால் ஆன்டெனாவின் வாசலில் எஸ்.டபிள்யூ.ஆர். 2. கடலோரத்தில் இருக்கிற ஹாம் நண்பர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பழைய கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். வரவர நன்றாகிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

மாடி முனையின் பி.எல்.259 கனெக்டரை வெட்டிப் பார்த்தேன். செம்புப் பின்னல் முழுக்கக் களிம்பு. மேலுறையை ஒரு முழம் உரித்தும் பளபளப்பான செம்பைக் காணோம், கறுத்துப்போன கம்பிகள் விரலில் பொடிந்தன. கச்சான் காற்றில் வருகிற உப்பு ஈரம் கனெக்டரின் விளிம்பு வழியாக நுழைந்து, பின்னலையே திரிபோலப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது.

புதுக் கேபிள் போட்டதும் ஆன்டெனாவின் உண்மை முகம் தெரிந்தது. கோட்டின் பள்ளம், அதாவது அலை மிகக் குறைவாகத் திரும்பி வருகிற இடம், 6.9 மெகாஹெர்ட்ஸில் விழுந்தது, நம் பேண்டோ 7.0 முதல் 7.2 வரை. பக்கத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கம்பியை மடக்கிக் கட்டினேன். பள்ளம் 7.1க்கு வந்து உட்கார்ந்தது. இதையே பழைய எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்துச் செய்தால் கூட்டணுமா குறைக்கணுமா என்றே பாதி நாள் போகும்.

மாஸ்ஃபெட்டின் சூட்டுக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. டிரான்ஸ்மிட்டர் வாசலில் இருக்கும் லோ பாஸ் ஃபில்டரை (நம் பேண்டுக்கு மேலே போகிற வேண்டாத சிக்னலைத் தடுப்பது) தனியாகக் கழற்றி நானோவின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மாட்டினேன். டி37-6 மஞ்சள் டொராய்டு வளையங்களில் கம்பி 21, 24, 21 சுற்று, கெப்பாசிட்டர்கள் 270, 680, 680, 270 பிக்கோஃபாரட். எத்தனையோ பேர் கட்டித் தேர்ந்த கணக்கு. 7.1இல் அரை டெசிபலுக்குள் இழப்பு இருக்க வேண்டியது, ஒன்றரையைத் தாண்டியிருந்தது. சால்டரிங் அயனின் நுனியை ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோனேன். மூன்றுக்குக் கோடு அசையவில்லை. நான்காவதுக்குக் கிட்டே போனதும் திரையில் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது, அயனை எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது. சூட்டுக்குச் சூடு மதிப்பு மாறுகிற மட்டரக செராமிக், ஒரு நகரத்துக் கடையில் ஆர்.எஃப். வேலைக்கு ஏற்றது என்று சொல்லி விற்றது. பேசப் பேசச் சூடாகி, ஃபில்டரைக் கெடுத்து, மாஸ்ஃபெட்டை வாட்டியது அதுதான். சில்வர் மைக்கா போட்டபின் மாஸ்ஃபெட்டில் விரல் வைக்க முடிகிறது. அந்தக் கோடு நகர்ந்ததைப் பார்த்த சந்தோஷத்துக்கே கொடுத்த காசு தகும்.

தொழிலுக்கும் இது சோறு போடுகிறது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வயர்லெஸ் வேலைகள் குவியும். படகு வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டின் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். நானோ 300 வரை தன் சொந்த சிக்னலிலேயே அளப்பதால் அங்கே நம்பலாம். பாம்பனில் ஒரு சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்), "செட்டு போச்சாத்தா? புதுசு வாங்கணுமா?" என்று கவலையோடு நின்றார். "செட்டு நல்லாருக்கு பெரியப்பா, ஒயருதான் போச்சு" என்று திரையைக் காட்டினேன். கேபிள் விலையோடு முடிந்தது அவருக்கு.

குறைகளும் இருக்கின்றன. நம் ஊர் வெயிலில் திரை தெரியவே தெரியாது, தலைக்குமேல் துண்டைப் போட்டுக்கொண்டுதான் படகில் பார்க்க வேண்டும். அலைவரிசை எல்லையை மாற்றினால் ஓப்பன், ஷார்ட், லோட் என்ற மூன்று சின்ன முனைகளையும் மாட்டி மறுபடி கேலிபரேட் செய்தாக வேண்டும், அதாவது கருவியின் அளவைச் சரிப்படுத்த வேண்டும். சோம்பல்பட்டால் கருவி பொய் சொல்லும். ஒரு வீச்சுக்கு அளக்கிற புள்ளிகள் குறைவு என்பதால் கிரிஸ்டல் ஃபில்டர் மாதிரி ஒடுங்கிய விஷயங்களுக்கு எல்லையை நன்றாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஃபில்டர் கருவியைப்போல 50 ஓம் கிடையாது என்பதால் இரு பக்கமும் ரெசிஸ்டர் போட்டுப் பொருத்தாமல் அளந்தால் கோடு கோணல்மாணலாக வரும். கருவியில் இருக்கிற சின்ன எஸ்.எம்.ஏ. கனெக்டர்கள் அடிக்கடி கழற்றி மாட்டத் தாங்காது, தேய்வதற்கென்றே ஒரு சின்ன அடாப்டரை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. இது மாட்டியிருக்கும்போது டிரான்ஸ்மிட்டரின் பேச்சுப் பொத்தானை ஒருபோதும் அழுத்திவிடாதீர்கள், அந்த நொடியே செத்துப்போகும். காற்று வீசுகிற நாளில் ஆன்டெனாக் கம்பியில் மின்னூட்டம் ஏறியிருக்கும், மாட்டுவதற்கு முன் கேபிளின் நடுமுனையை உறையோடு ஒருமுறை தொட்டு இறக்கிவிடுங்கள்.

வாங்குகிறவர்கள் 2.8 அங்குலத் திரையை விட்டு 4 அங்குல எச்4ஐயே எடுங்கள், எழுத்து கண்ணுக்குத் தெரியும். உள்ளே தகர மூடி போடாத மலிவு நகல்கள் சந்தையில் கிடக்கின்றன. உட்புறப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள், பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன உருட்டு சுவிட்சுதான் உப்புக்கு முதலில் பலியாகும்.