ஃபோல்டிங் மிரர் மாட்டும் முன் டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள்

"கப்ளர் டு கப்ளர் சார், ஒரு வயரைக்கூட வெட்ட மாட்டோம்" என்று ஆக்சஸரீஸ் கடையில் சொன்னால், அதாவது வண்டியில் இருக்கும் வயர் பிளக்கிலேயே (கப்ளர்) நேராகச் செருகிவிடுவோம் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பட்டனைத் தட்டினால் மடங்கும் பக்கவாட்டு மிரர் மாட்டுவதற்காக, சென்னையில் ஒரு கடையில் இந்த வாக்கை நம்பித்தான் என் எஸ்யூவியை விட்டேன்.

என்னுடையது நடு வேரியண்ட். கண்ணாடியின் கோணத்தை உள்ளிருந்தே சரிசெய்யலாம், மடக்குவதற்குத்தான் மோட்டார் இல்லை. டாப் எண்ட் மிரரை வாங்கி மாட்டினால் போதும் என்றார் கடைக்காரர். உண்மையில் மடக்கும் மோட்டாருக்குத் தனியாக இரண்டு வயர் வேண்டும். பிளஸ் மைனஸை ஒரு விதமாகக் கொடுத்தால் மிரர் மடங்கும், மாற்றிக் கொடுத்தால் விரியும். கீழ் வேரியண்டுகள் பலவற்றில் அந்த இரண்டு வயரும் கதவு வரைக்கும் வருவதே கிடையாது. கப்ளரில் அந்த இடம் காலியாக இருக்கும். வயரே இல்லாத இடத்தில் கப்ளர் டு கப்ளர் எப்படி வரும்?

மாட்டிய புதிதில் எல்லாம் ஜோராக வேலை செய்தது. அப்புறம் ஒரு மழை நாளில் பவர் விண்டோ மொத்தமாக நின்றுபோனது. ஃப்யூஸ் போயிருந்தது. மாற்றினால் மறுபடி போனது. கடைக்குப் போன் செய்தேன். "தண்ணி இறங்கியிருக்கும் சார், அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்றார்கள். வண்டியைப் பார்க்காமலேயே தீர்ப்பு!

வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பேடைக் கழற்றியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மிரருக்கான கரண்டை பவர் விண்டோ வயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த லைனில் இருப்பது 30 ஆம்பியர் ஃப்யூஸ். இவர்கள் இழுத்திருந்ததோ நூல் போன்ற வயர். இடையில் தனி ஃப்யூஸ் எதுவும் இல்லை. ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போவதற்குள் வயர் பற்றிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாக வயரைக் கொண்டுபோக சோம்பல்பட்டு, கீல் ஓரமாகவே விட்டிருந்தார்கள். கதவைத் திறந்து மூடி மூடி வயரின் தோல் உரிந்து, பாடியில் பட்டிருக்கிறது. ஜாயிண்டுகள் வெறும் முறுக்கு. மேலே சுற்றிய கறுப்பு டேப் வெயிலில் இளகிப் பிசுபிசுவென்று ஒட்டியது.

ஸ்விட்சிலும் சிக்கல். மிரர் முழுக்க மடங்கிய பிறகு மோட்டாருக்குப் போகும் கரண்ட் நிற்க வேண்டும். சில வண்டிகளில் அந்த ஏற்பாடு மிரருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் வண்டியின் கண்ட்ரோல் மாட்யூல் பார்த்துக்கொள்ளும். கடையில் போட்டது சாதாரண ஸ்விட்ச். கரண்ட் நிற்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இடது பக்க மோட்டார் கருகிவிட்டது.

இதைவிட எரிச்சல், என் பழைய மிரர் இரண்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். "பழசு எதுக்கு சார்" என்றார்களே தவிர, அதற்காக ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. கம்பெனி மிரருக்குப் பழைய சாமான் சந்தையில் நல்ல விலை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன!

மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மடக்கும் மோட்டாருக்கான தனி ஹார்னஸ் (வயர் கட்டு), அதற்கென்று ஒரு சின்ன ஃப்யூஸ், ரப்பர் குழாய் வழியாக வயர், இவை மூன்றும் பில்லில் எழுதப்பட வேண்டும். ஜிஎஸ்டி பில்லாகவே கேளுங்கள். எனக்கு முதலில் தந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட வெள்ளைத் தாள். விடாமல் கேட்ட பிறகுதான் சரியான பில் வந்தது. அதை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து போன் வந்தது. பழைய மிரர்களைத் திருப்பித் தருகிறார்களாம். கருகிய மோட்டாரைப் பற்றியோ வயரிங் கூலியைப் பற்றியோ பேச்சே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அங்கே போடுவதற்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.